கொக்கலைக்கு உப்பு, நமக்கு மூடுபனி: நினைவுக்கல்லும் காட்சியறையும் குறித்து

உறவுகளுக்கு வணக்கம்.

நம் மலைத் தோட்டத்துக் கோயில் முகப்பில் இரண்டாம் உலக யுத்தகால நினைவுக்கல், பழைய பிள்ளைக்காம்பராவில் (பிள்ளைகளைப் பராமரித்த இடம்) ஒரு காட்சியறை என்று முடிவானதிலிருந்து பளபளக்கும் கறுப்புக் கிரனைட் படங்களாக வந்து குவிகின்றன. கல்லுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பலரும் மாதிரியாகக் காட்டுவது தென் கரையோரத்துக் கொக்கலையை. 1942 ஏப்ரல் 4 அன்று அந்தக் களப்பிலிருந்து கிளம்பிய கட்டலீனா பறக்கும் படகுதான் ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டது. கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தி அனுப்பினார். விமானத்திலிருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு சிறைப்பட்டார்கள். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. விமானத் தளத்துக்காக ஊரையே காலி செய்ததில் தப்பி நின்ற சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீடு இன்று நாட்டார் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் அங்கே எதிரி உப்புக்காற்று. கம்பி துருப்பிடித்து ஊதி கொங்கிரீட்டைப் பிளக்கும். நமக்கு உப்பு இல்லை. ஆறு மாதம் காயாத ஈரமும் பாசியும்தான். கடலோர வைத்தியம் மலைக்கு ஒத்துவராது.

நாம் பார்க்க வேண்டியது கண்டி பிட்டகந்த யுத்த மயானம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் நேச நாட்டுத் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது நினைவிருக்கும். மயானத்தில் பிரித்தானியர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆபிரிக்கர் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். பதவி, இனம் பார்த்துக் கல்லின் அளவு மாறாது. அது பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவின் அடிப்படை விதி. நம் கல்லிலும் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிமார் பெயர் மேலே, மற்றவர் கீழே என்ற பேச்சு வேண்டாம். காசு கொடுத்தவர் பெயர் பின்பக்கம் போதும். (சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.)

லேசரில் சுரண்டிய எழுத்து ஆழம் இல்லாதது. பாசி படிந்தால் சில வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது. உளியால் 4 அல்லது 5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு, கீழே குறுகும் வெட்டாக வெட்டச் சொல்லுங்கள். எழுத்து 25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. தமிழில் பெரிய தலைவலி புள்ளிதான்: சின்னதாகக் குத்தினால் பாசி அடைத்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், ஆளின் பெயரே மாறிவிடும். புள்ளி 5 மில்லிமீற்றர் விட்டம் இருக்கட்டும். எனாமல் வர்ணம் பூச வேண்டாம், உரிந்து விழும். கல்லின் தலை பின்னோக்கிச் சரிந்திருந்தால் தண்ணீர் எழுத்தின் மேல் வழியாது. கல்லைப் பீடத்தோடு பிணைக்கும் கம்பி துருப்பிடிக்காத உருக்கு. சாதாரணக் கம்பி இருபது வருடத்தில் கல்லை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். கிரவிலியா மரத்தடியில் நிறுத்த வேண்டாம், நாள் முழுக்கச் சொட்டும். கழுவுவதற்குத் தண்ணீரும் மெதுவான நைலோன் தூரிகையும். கம்பித் தூரிகை, பிளீச்சிங், கழிப்பறை அமிலம் எதுவும் கிட்டே வரக்கூடாது.

காணி விஷயம்: தோட்ட நிலம் அரசுடையது, கம்பனியிடம் குத்தகையில் இருக்கிறது. தோட்டத் துரை (முகாமையாளர்) வாயால் ‘சரி’ என்றது போதாது, கம்பனியின் எழுத்து வேண்டும். பீடத்துக்கு மேட்டை வெட்டுவதாக இருந்தால் மண்சரிவு பற்றி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்காமல் மண்வெட்டியைத் தூக்க வேண்டாம்.

இனிக் காட்சியறை. அங்கே வைக்க வேண்டியது துப்பாக்கி அல்ல, கூப்பன் புத்தகம். 1942இல் பர்மா விழுந்து அரிசி நின்றபோது பங்கீடு வந்தது, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் கோதுமை மா ரொட்டி ஏறியது. மலாயா போனபின் நேச நாடுகள் இலங்கை றப்பரை நம்பியிருந்ததால் மரங்களைப் பிழிந்து பால் எடுத்தார்கள். 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனும் யுத்தகாலத்து ஆள்தான். அவருக்கு ஒரு பலகை ஒதுக்குவோம்.

கூப்பன், துண்டு (வேலை விடுவிப்புச் சீட்டு), செக்ரோல் (வேலைநாள் பதிவு) தாள், படம் எதையும் லெமினேட் செய்யாதீர்கள், திரும்பப் பிரிக்க முடியாது. ஒட்டுநாடாவும் ஆகாது. அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கப் பென்சில் எழுத்தில்தான் பெயர் இருக்கும். சுவரில் நகல் மட்டும் தொங்கட்டும். சட்டகத்துக்குப் பின்னால் ஒரு சென்ரிமீற்றர் தக்கை வைத்துக் காற்றோட விடுங்கள், படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. மூலப்பிரதிக்கு றப்பர் விளிம்புள்ள பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே ஈரமானி, சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கும். இருபது லீற்றர் பெட்டிக்கு 200 கிராம் ஜெல் வையுங்கள். ஜெல்லின் செம்மஞ்சள் நிறம் பச்சையானால் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி போடலாம். மாதம் ஒருமுறை பார்க்க ஊரில் ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் பெட்டியே பூஞ்சணக் கூடு. பூச்சி அரித்த தாளைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி இரண்டு கிழமை ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டுத் திறக்கலாம். ஆனால் உறை அறை வெப்பத்துக்கு வந்தபிறகே.

பெயர் தேடுபவர்களுக்கு: மயான ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் ஆங்கில எழுத்தை எழுதியவர் ஒரு கிளார்க். முத்துசாமி பல விதமாக வருவார். முதல் நான்கு எழுத்தோடு தேடி, படை இலக்கத்தையும் படைப்பிரிவையும் ஒப்பிட்டபின் அனுப்புங்கள். இரண்டு சான்று இல்லாத பெயர் கல்லில் ஏறாது.

மூலப்பிரதிகளை மே முதல் செப்ரெம்பர் வரை அனுப்ப வேண்டாம், தென்மேல் மழையில் பார்சல் நனையும். ஸ்கேன் இப்போதே வரட்டும். பெட்டிகளைத் தை, மாசியில் காய்ந்த நாளில் திறப்போம்.

காட்சியறைக் குழு