ராஸ்பெரி பை 4-ல் மட்டும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்': மார்ச் ஃப்ளாக்கில் என்ன கொடுப்பது?

கேள்வி:
சி++-ல் ஒரு மெசேஜ் க்யூ எழுதியிருக்கிறேன். 16 த்ரெட்கள் ஒரே கவுன்ட்டரில் ஃபெட்ச்_ஆட் (இடையில் வேறு த்ரெட் புகாமல் கூட்டும் 'அட்டாமிக்' வேலை) செய்கின்றன. நியோவெர்ஸ் என்1 என்ற ஆர்ம் சிப் உள்ள சர்வரில் மார்ச்=ஆர்ம்வி8.2-ஏ (எந்த ஆர்ம் பதிப்புக்குக் கோட் எழுதுவது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃப்ளாக்) கொடுத்து பில்ட் செய்தேன், அருமையாக ஓடுகிறது. அதே பைனரி பை 4-ல் தொடங்கியதுமே விழுகிறது. ஜிடிபி டீபக்கரில் பார்த்தால் எல்டிஆட்ஏஎல் என்ற இன்ஸ்ட்ரக்ஷனில் நிற்கிறது. ஆர்ம்வி8-ஏ என்று இறக்கினால் இரண்டிலும் ஓடும், ஆனால் சர்வரில் வேகம் குறைந்துவிடுமே! இரண்டு பைனரி வைத்துக்கொள்வதுதான் வழியா? கம்பைலர் ஜிசிசி 9.2.

பதில் 1:
பை 4-ல் இருப்பது கார்டெக்ஸ் ஏ72, அது ஆர்ம்வி8.0. எல்டிஆட், கேஸ், ஸ்வாப் எல்லாம் எல்எஸ்இ வகை, அதாவது அட்டாமிக் வேலையை ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் முடிப்பவை; 8.1-ல்தான் வந்தன. /ப்ராக்/சிபியுஇன்ஃபோ-வில் (லினக்ஸில் சிப் விவரம் காட்டும் ஃபைல்) 'அட்டாமிக்ஸ்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பை 5-ல் இருக்கும்.

பதில் 2:
இரண்டு பைனரி வேண்டாம் நண்பரே. ஜிசிசி 10-க்கு மாறி, மார்ச்=ஆர்ம்வி8-ஏ மட்டும் கொடுங்கள். லினக்ஸில் எம்அவுட்லைன்-அட்டாமிக்ஸ் என்ற ஃப்ளாக் தானாகவே இயங்கும். ஒவ்வொரு அட்டாமிக் வேலையும் ஜிசிசி-யின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசி-யில் உள்ள ஒரு குட்டி ஃபங்ஷனுக்குப் போகும். சிப்பில் எல்எஸ்இ உண்டா என்று புரோகிராம் தொடங்கும்போதே பார்த்து வைத்துவிடுவதால், உண்டென்றால் எல்டிஆட், இல்லையென்றால் எல்டிஎக்ஸ்ஆர்-எஸ்டிஎக்ஸ்ஆர் லூப் (முதலாவது படிக்கும், இரண்டாவது எழுத முயலும்). ஒரு கால், ஒரு பிராஞ்ச், அவ்வளவுதான் கூடுதல் செலவு. அந்த லூப்பை நான் அஞ்சுவது வேறு காரணத்துக்கு: இடையில் இன்னொரு கோர் அதே கேஷ் லைனில் (கேஷ் மெமரியின் ஒரு துண்டு) எழுதினால் எஸ்டிஎக்ஸ்ஆர் தோற்று, முதலிலிருந்து முயல வேண்டும். 16 த்ரெட் மோதும் இடத்தில் இது வலிக்கும்.

நாஸ்ட்லிப் (வழக்கமான லைப்ரரிகளைச் சேர்க்காதே என்னும் ஃப்ளாக்) கொடுத்து லிங்க் செய்யும் ஃபர்ம்வேர் என்றால் அந்த ஃபங்ஷன்கள் கிடைக்காமல் லிங்கர் எரர் வரும். அங்கே எம்நோ-அவுட்லைன்-அட்டாமிக்ஸ் போடுங்கள்.

அப்புறம், ஒரு கவுன்ட்டரை ஏன் 16 பேர் தொட வேண்டும்? அது வெறும் கணக்கு என்றால் த்ரெட்டுக்கு ஒன்று வைத்து, கடைசியில் கூட்டுங்கள். எந்த ஃப்ளாக்கையும்விட அதில்தான் பலன் அதிகம்.

கேட்டவர்:
ஜிசிசி 10-ல் பில்ட் செய்தேன், பை 4-ல் மறுபடியும் விழுந்தது! ஆப்ஜ்டம்ப்பில் (பைனரியின் இன்ஸ்ட்ரக்ஷன்களைக் காட்டும் கருவி) தேடினால், பழைய 8.2 ஃப்ளாக்கோடு பில்ட் செய்த ஒரு ஸ்டாடிக் லைப்ரரிக்குள் கேஸ்ஏஎல் (அதுவும் எல்எஸ்இ வகைதான்) இருந்தது. அதையும் புதிதாகக் கட்டியபின் இரண்டிலும் ஓடுகிறது. கவுன்ட்டரை இன்றிரவு பிரிக்கிறேன். மிக்க நன்றி.