குறுக்கெழுத்தில் ‘செட்’: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பென்சில்முனை:
ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த மூன்றெழுத்து வினைச்சொல்லோடு ஒரு தீராத கணக்கு இருக்கும். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவே இதற்குத்தான். 430 பொருள்கள்! (பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ முந்திவிட்டது.)

நான் அடிக்கடி சந்திப்பது “ரெடி குரூப் டு ஹார்டன்” (3) என்ற வகைக் குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. ஆயத்தமாக இருப்பது, ஒரு கூட்டம், சிமெண்டோ ஜெல்லியோ இறுகுவது என மூன்று பொருள்களை ஒட்டி ஒரே வாக்கியமாகக் காட்டுவார்கள். மூன்றுக்கும் விடை ‘செட்’. இதைவிடக் கடினம், இந்தச் சொல் காலத்துக்கு ஏற்ப மாறுவதில்லை என்பது. மற்ற வினைகளில் குறிப்பு இறந்தகாலத்தில் இருந்தால் விடையின் ஈற்றில் ‘ஈடி’ வருமா என்று பார்ப்போம். இங்கே அந்தப் பிடி கிடைப்பதில்லை. ‘பிளேஸ்’ என்றாலும் ‘பிளேஸ்டு’ என்றாலும் ‘செட்’ பொருந்தும்.

மேலிருந்துகீழ்:
அது விடையாக வருவதைவிட, எழுத்துகளை என்ன செய்வது என்று சொல்லும் கட்டளையாக வரும் இடம்தான் எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் உணவு இடைவேளையில் ஒரு தோழிக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினேன். மேலிருந்து கீழ் வரிசையில் “நெட் அப்செட் எ நம்பர்” (3) என்று ஒரு குறிப்பு. இணையம் பலரை வருத்தியது என்றே அவர் படித்தார். அப்படித்தான் படிக்க வேண்டும் என்று அமைத்தவரும் விரும்பியிருப்பார். விடையின் பொருளைச் சொல்லும் ‘எ நம்பர்’ என்பதைக் கையால் மறைத்து, மீதியை மட்டும் பார்க்கச் சொன்னேன். ‘அப்செட்’ இங்கே தலைகீழாக்கச் சொல்லும் கட்டளை. என், ஈ, டி மூன்றையும் கீழிருந்து மேலாகத் திருப்பினால் ‘டென்’. அதுவும் ஓர் எண்தானே! அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து என்னைவிட வேகமாகப் போடுகிறார்.

இதே ‘அப்செட்’ இடமிருந்து வலக் குறிப்பில் வந்தால் பெரும்பாலும் எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்கிறது. ‘செட் அசைட்’ என்றால் சில எழுத்துகளை நீக்க வேண்டியிருக்கலாம். ‘செட் இன்’ என்றால் ஒன்றை மற்றொன்றுக்குள் வைக்க வேண்டும்.

கறுப்புக்கட்டம்:
‘செட்டர்’ஐ விட்டுவிட்டீர்களே! புதிரை அமைப்பவருக்கு அதுதான் பெயர். அதனால் குறிப்பில் ‘செட்டர்’ வந்தால், அமைப்பவர் தன்னையே சொல்வதாகக் கொண்டு பலநேரம் ‘ஐ’ (நான்) அல்லது ‘மீ’ (என்னை). ‘செட்டர்ஸ்’ என்றால் ‘மை’ (என்னுடைய). அந்தப் பெயரில் வேட்டை நாய் இனமும் உண்டு.

விடுதி அறைத் தோழன் ஒருமுறை “வெஸ்டர்ன் செட்டர்” (3) என்று எழுதிக் கொடுத்தான். நான் நாய் இனங்களையெல்லாம் அலசிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, “சூரியன்தானே?” என்றார். புவியியல் ஆசிரியை, குறுக்கெழுத்துப் பக்கமே போகாதவர். ‘செட்’ என்றால் சூரியன் மறைவதும்தானே; மேற்கு என்றதும் மறைவதுதான் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்திருக்கிறது. விடை ‘சன்’.

இரண்டு மூன்று சொற்களுக்குள் முடிகிற இதுபோன்ற குறிப்புகள் வேறு யாரிடமாவது இருந்தால் இங்கே இடுங்கள். விடையை ஒருநாள் கழித்துச் சொல்லுங்கள்.