கும்பகோணத்திலிருந்து ஜெர்மனிக்குப் பார்சல்: எதில் அனுப்பச் சொல்லலாம்?

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் மனைவிக்கு வளைகாப்பு, அம்மாவுக்கு விசா கிடைக்காததால் புடவையையும் கண்ணாடி வளையல்களையும் ஊரிலிருந்து அனுப்புகிறேன் என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

போன தடவை ஊரில் ஒரு கூரியர் ஏஜென்ட்டிடம் கொடுத்தார். ஐந்து வாரம் கழித்து வந்தது, பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, மாவடு பாட்டில் உடைந்து, கூட வைத்திருந்த காட்டன் புடவை முழுக்க எண்ணெய்க் கறை. கொடுத்த நம்பரைப் போட்டுப் பார்த்தால் கடைசி வரை 'மும்பையில் உள்ளது' என்றே காட்டியது. ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

இந்த முறை தபால் ஆபீஸ் ஸ்பீட் போஸ்ட்டா, டிஎச்எல், ஃபெடெக்ஸ் மாதிரி தனியாரா? ஸ்பீட் போஸ்ட் என்றால் நம்பர் E-யில் தொடங்கி IN-இல் முடியும், இங்கே வந்த பிறகும் அதே நம்பரில் பார்க்கலாம், அது ஒரு நிம்மதி. ஆனால் அனுப்பியவர்களுக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது?

அப்புறம் சுங்கம். தனி ஆள் அனுப்பும் பரிசு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை, பட்டுப்புடவை அதைத் தாண்டிவிடும். விலையைக் குறைத்து எழுதச் சொல்ல எனக்கு மனமில்லை, சரியான பில்லையே வைக்கச் சொல்லிவிட்டேன். வரியை வீட்டு வாசலில் வாங்கிக்கொள்வார்களா, சுங்க அலுவலகத்துக்குப் போக வேண்டுமா? நெய், பால்கோவா வேண்டாம் என்று சொல்லியாயிற்று, பால் பொருட்களை இங்கே விடமாட்டார்கள்.

கண்ணாடி வளையலை உடையாமல் வரவழைத்தவர்கள் எப்படிக் கட்டினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள், அம்மா இந்த வாரமே அனுப்ப வேண்டும்.