சூடு ஏறினால் சார்ஜ் பம்பின் 14 வோல்ட் விழுகிறது, எங்கே பார்ப்பது?

சாட்ஸ்வர்த் பையன்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பக்கத்துப் பண்ணைகளில் மண் ஈரத்தை அளந்து பதிந்து வைக்க ஒரு சின்ன சிப் செய்துகொண்டிருக்கிறோம். உள்ளே ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் பதிவை மறக்காத நினைவகம்) இருப்பதால் எழுதும் நேரத்தில் மட்டும் 14 வோல்ட் வேண்டும். அதற்கு 6 ஸ்டேஜ் டிக்சன் பம்ப், அதாவது கெபாசிட்டர்களில் சார்ஜைப் படிப்படியாக ஏற்றி சப்ளையைவிட அதிக வோல்டேஜ் தரும் சார்ஜ் பம்ப். ஸ்டேஜுக்கு 2 பிகோ ஃபாரட், பம்பை ஓட்டும் துடிப்பைத் தரும் ரிங் ஆசிலேட்டர் 10 மெகா ஹெர்ட்ஸ், சப்ளை 3.3 வோல்ட். வெளியீட்டை அளந்து பம்பைத் திருத்தும் ஃபீட்பேக் கிடையாது, 7 வோல்ட்டில் உடைந்து (மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கி) அதற்கு மேல் ஏறவிடாத இரண்டு ஜீனர் ஜங்ஷன்களைத் தொடராக வைத்து கிளாம்ப் செய்திருக்கிறோம். எழுதும்போது சுமை 5 மைக்ரோ ஆம்ப்.

ஓவனில் வைத்துப் பார்த்தோம் (நடுவில் லோட் ஷெடிங் வந்து ஓவன் ஆறிப்போனதால் மறுபடி முதலிலிருந்து). மைனஸ் 10 டிகிரியில் 13.8 வோல்ட், 25-ல் 14.0, 60-ல் 14.2, 85-ல் திடீரென்று 12.6. கரூவில் குளிர்கால இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், கோடையில் வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டிக்குள் 70-ஐத் தாண்டும், அதனால் இரண்டு முனையும் எங்களுக்கு முக்கியம். சூட்டில் திரெஷோல்ட் (டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் வோல்டேஜ்) குறைகிறது, அப்படியென்றால் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இழப்பும் குறைந்து பம்ப் பலமாகத்தானே ஆக வேண்டும்? பிறகு ஏன் விழுகிறது?

பிரிட்டோரியாவாசி

தம்பி, முதல் மூன்று எண்களையும் கடைசி எண்ணையும் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்றைத் தீர்மானிப்பது உங்கள் கிளாம்ப். 7 வோல்ட்டில் உடையும் ஜங்ஷனில் அவலாஞ்சிதான் மேலோங்கும், அதாவது வேகமாக ஓடும் எலக்ட்ரான் மோதி மேலும் எலக்ட்ரான்களை விடுவிப்பது. சூடாக ஆக அணுக்கள் கூடுதலாக அதிர்வதால் எலக்ட்ரான் போதிய வேகம் பிடிக்கும் முன்பே மோதி ஆற்றலை இழக்கிறது, அதனால் உடையும் வோல்டேஜ் டிகிரிக்கு 3 மில்லி வோல்ட் அளவில் ஏறும். இரண்டுக்கும் சேர்த்து 6. 35 டிகிரிக்கு 0.21 வோல்ட், நீங்கள் பார்த்ததும் அதே 0.2 தான்.

85-ல் கிளாம்ப் வரை பம்ப் எட்டவே இல்லை. கணக்குப் போடலாம். திரெஷோல்ட் பாடி எஃபெக்டோடு (வெளியீட்டு வோல்டேஜ் ஏற ஏற திரெஷோல்ட் கூடுவது) சேர்த்து 0.9 என்று வைத்தால், ஒரு படிக்கு மிஞ்சுவது 3.3 கழித்தல் 0.9, அதாவது 2.4. 6 ஸ்டேஜும் சப்ளையும் சேர்ந்து 7 படி, ஆகவே சுமை இல்லாத பம்ப் 7 பெருக்கல் 2.4, அதாவது 16.8 வோல்ட் தரும். வெளியீட்டுத் தடை ஸ்டேஜ் எண்ணிக்கையை அதிர்வெண், கெபாசிட்டன்ஸ் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தது, உங்களுக்கு 300 கிலோ ஓம். 85-ல் நீங்கள் சொன்ன லாபம் உண்மையிலேயே வருகிறது: ஒவ்வொரு படியிலும் திரெஷோல்ட் டிகிரிக்கு 1.5 மில்லி வோல்ட் வீதம் குறைவதால் 16.8 என்பது 17.4 ஆகும். ஆனால் மொபிலிட்டி (எலக்ட்ரான்கள் நகரும் எளிமை) குறைவதால் ரிங் ஆசிலேட்டர் மெதுவாகும். 25 சதவீதம் குறைந்தாலே தடை 400 கிலோ ஓம். அதற்கு மேல் லீக்கேஜ், அதாவது ஜங்ஷன்கள் வழியே கசியும் மின்னோட்டம், 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். அறையில் 0.1 மைக்ரோ ஆம்ப் என்றால் 85-ல் 6.4. சுமையோடு சேர்த்து 11.4, அது 4.6 வோல்ட்டைத் தின்றுவிடும், மிஞ்சுவது 12.8. உங்கள் 12.6-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

சரிபார்க்க சுலபமான வழி, 85-ல் சுமையைக் கழற்றிவிட்டு அளப்பது. லீக்கேஜ் மட்டும் இருந்தால் கிளாம்ப் வரை ஏறிவிட வேண்டும்.

சாட்ஸ்வர்த் பையன்

அண்ணே, இன்று காலையில் அளந்துவிட்டோம். சுமை இல்லாமல் 85-ல் 14.35. 6 மில்லி வோல்ட் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆசிலேட்டர் 7.6 மெகா ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஸ்டேஜைக் கூட்டினால் போதுமா, இல்லை ஃபீட்பேக் கட்டாயமா?

மலைச்சாரல்

ஃபீட்பேக் போடுங்கள். ஸ்டேஜைக் கூட்டினால் தடையும் கூடும், குளிரில் மிஞ்சும் மின்னோட்டம் எல்லாம் கிளாம்ப் வழியே வீணாகும். பம்பைச் சூட்டுக்குத் தேவையான அளவு பலமாக வைத்துக்கொண்டு, வெளியீட்டை டிவைடரால் (வோல்டேஜை ஒரு விகிதத்தில் குறைக்கும் சுற்று) இறக்கி, வெப்பநிலையால் அதிகம் மாறாத 1.2 வோல்ட் பேண்ட்கேப் ரெஃபரன்ஸோடு கம்பேரேட்டரில் ஒப்பிட்டு, எட்டியதும் பம்பை ஓட்டும் கிளாக்கை நிறுத்துவதுதான் இந்த வேலைக்கு ஏற்றது. அப்போது வோல்டேஜைத் தீர்மானிப்பது ஒரு ரெஃபரன்ஸும் ஒரு விகிதமும் மட்டும்தான், பம்பின் குணம் எப்படி மாறினாலும் கவலையில்லை.

டிவைடரில்தான் கவனம் வேண்டும். ஒரே அளவுள்ள பாலி (பாலிசிலிக்கான்) ரெசிஸ்டர் துண்டுகளாலேயே மேலும் கீழும் கட்டுங்கள், வெப்பக் குணகம் விகிதத்தில் அடிபட்டுப் போகும். சிலிக்கானுக்குள்ளேயே உருவாக்கும் டிஃப்யூஷன் ரெசிஸ்டர் வேண்டாம், அடியிலிருக்கும் ஜங்ஷன் சூட்டில் கசிந்து விகிதத்தையே கெடுக்கும். மொத்தம் 14 மெகா ஓம் வைத்தால் 1 மைக்ரோ ஆம்ப் போகும். இடமும் பிடிக்கும், கம்பேரேட்டர் முனையும் மந்தமாகும், அதனால் மேல் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சின்ன கெபாசிட்டர் தேவை.

இடம் இல்லையென்றால் கெபாசிட்டர் டிவைடர். ஆனால் அந்த நடு முனை அந்தரத்தில் நிற்கும். 1 பிகோ ஃபாரட் முனையில் 1 பிகோ ஆம்ப் கசிந்தால் மில்லி செகண்டுக்கு 1 மில்லி வோல்ட் நகரும். ஒருமுறை எழுதும் 5 மில்லி செகண்டுக்குள் அது 5 மில்லி வோல்ட், 14-க்கும் 1.2-க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 12 என்பதால் வெளியீட்டில் 60 மில்லி வோல்ட் அளவுக்குப் பிழை. ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் ரீசெட் செய்தால் சமாளிக்கலாம்.

சாட்ஸ்வர்த் பையன்

பாலி ரெசிஸ்டருக்கு இடம் இருக்கிறது, அதையே வைக்கிறோம். ஒரு சந்தேகம், எல்லா வெப்பநிலையிலும் தட்டையாக 14 தான் வேண்டுமா? ஈஈப்ராமின் நினைவக செல்லும் சூட்டில் மாறுமே.

பிரிட்டோரியாவாசி

ஈஈப்ராமுக்குத் தட்டையாகவே வேண்டும். பிட்டை எழுதுவது ஃபௌலர்-நார்ட்ஹைம் டனலிங், அதாவது பலமான புலத்தில் எலக்ட்ரான் மெல்லிய ஆக்சைடு தடுப்பை ஊடுருவிச் செல்வது. அது வெப்பநிலையை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, ஆனால் வோல்டேஜ் கொஞ்சம் மாறினாலும் பெரிதாக மாறும். ஆக்சைடில் சென்டிமீட்டருக்கு 10 மெகா வோல்ட் புலம் இருக்கையில் 10 சதவீதம் குறைந்தால் டனல் மின்னோட்டம் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்காகிவிடும். உங்கள் 12.6 அந்த 10 சதவீதம்தான். பிட் எழுதப்பட்டதுபோலத் தெரியும், சில மாதம் கழித்துப் படித்தால் தப்பாக வரும், பண்ணைக்காரர் யாரைக் கேட்பார்? ஒற்றை ஃபோட்டான் டையோடு (ஒரு ஒளித்துகளைக்கூட உணரும் டையோடு) மாதிரி சுமையாக இருந்தால் கதை வேறு, அங்கே உடையும் வோல்டேஜ் சூட்டோடு ஏறுவதால் அதற்குக் கொடுக்கும் வோல்டேஜும் கூடவே ஏற வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் 3.3 வோல்ட்டை மேசை சப்ளையிலிருந்துதான் கொடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறி, எழுதும் கணத்தில் 2.6 வரை இறங்கினால், குளிரில் திரெஷோல்ட் 0.95 ஆகிவிடுவதால் 7 பெருக்கல் 1.65, சுமையே இல்லாமல் 11.5 தான் வரும், ஃபீட்பேக்கால் அதை ஏற்ற முடியாது. அந்தக் குளிர் முனைக்குத் திரெஷோல்ட் இழப்பில்லாத குறுக்குப் பிணைப்பு ஸ்டேஜ்தான் (இரண்டு கிளைகள் ஒன்றையொன்று திறந்து மூடும் அமைப்பு) வழி. மைனஸ் 10-ல் 2.6 வோல்ட் கொடுத்து அளந்து, எண்ணை இங்கே போடுங்கள்.