எழுத்துத் தளங்களில் கவனம் சிதறாமல் எழுதுவது எப்படி?

கேள்வி: வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் இரண்டிலும் எழுதுகிறேன். உட்கார்ந்தாலே அறிவிப்பு, வாசிப்பு எண்ணிக்கை, மறுமொழி என்று மூச்சுமுட்டுகிறது. எதை முதலில் குறைக்கலாம்?

பதில் 1: எழுதுவதைத் தளத்துக்கு வெளியே கொண்டுபோங்கள், அதுதான் முதல் வேலை. தளத்துக்குள் நுழைந்தாலே மணிச் சின்னம் கண்ணில் படும், கை தானாக அங்கே போகும். இணையத்தைத் துண்டித்துவிட்டு நோட்பேடில் 45 நிமிடம் எழுதுங்கள். முடித்த பிறகு ஒட்டலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதினால் வடிவமைப்புக் குப்பையும் கூடவே வந்து வரி இடைவெளி கெடும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் விழும்.

பதில் 2: வேர்ட்பிரஸ் அமைப்புகளில் விவாதம் பகுதிக்குப் போங்கள். பழைய பதிவுகளின் மறுமொழிப் பெட்டி தானாக மூடும் வசதி இருக்கிறது. 14 நாள் தாராளம். ஒவ்வொரு மறுமொழிக்கும் வரும் மின்னஞ்சலை நிறுத்துங்கள். ஒப்புதலுக்குக் காத்திருப்பவற்றுக்கான மின்னஞ்சல் மட்டும் இருக்கட்டும், இல்லையென்றால் நல்ல மறுமொழிகள் அங்கேயே தேங்கிக் கிடக்கும்.

பதில் 3: வாசிப்பையும் பிரித்துவிடுங்கள். சப்ஸ்டாக் செயலியைத் திறந்தால் நோட்ஸ் என்ற குறும்பதிவு ஓடை இழுத்துக்கொள்ளும். பிடித்த பத்துப் பேரின் தள முகவரியை ஆர்எஸ்எஸ் ரீடரில் (பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் செயலி) சேர்த்தால் பதிவு மட்டும் வரும். கட்டணப் பதிவுகள் மட்டும் அதில் முழுதாக வராது.