கிரிகல்பொத்த மலை உச்சிக்குப் போய் வர மூன்றரை மணித்தியாலமா?

குறிஞ்சி: "கிரிகல்பொத்த போய் வர மூன்றரை மணித்தியாலம் போதும், பதினொரு மணிக்குத் தொடங்கினாலும் பிரச்சினையில்லை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. நம்பிப் புறப்படுகிறவர்களின் கதி? ஹோர்ட்டன் சமவெளியில் நடை தொடங்கும் இடமான ஃபார் இன்னிலிருந்து ஒரு வழிக்கே ஏழு கிலோமீற்றர் அளவு. ஏழு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

தெஹிவளை நடையன்: எழுதியவன் நான்தான். மலைநடைக்கு நேரம் கணக்கிடும் நெய்ஸ்மித் விதி 1892 இலிருந்து இருக்கிறது. 5 கி.மீ.க்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொன்று. போய் வர 14 கி.மீ., அதை 5 ஆல் வகுங்கள்: 2 மணி 48 நிமிடம். சமவெளியே 2,100 மீற்றரில் கிடக்கிறது, சிகரம் 2,388. ஏற்றத்துக்கு அரை மணி. மொத்தம் 3 மணி 18 நிமிடம். எங்கே பிழை?

குறிஞ்சி: வகுத்தல் சரி, பாதைதான் அதுவல்ல. அந்த விதி தெளிவான தடத்தில் நிற்காமல் நடப்பவருக்கு. இங்கே பத்தனைப் புல்வெளி முடிந்ததும் குட்டை மூங்கில் இரு பக்கமும் சாய்ந்து மூடும். கால் வைக்கும் இடம் தெரியாது. அடியில் கறுப்புச் சேறு, குறுக்கே வேர். மரை நடந்த தடமும் பாதை மாதிரியே பிரியும். பனிமூட்டத்தில் அதில் திரும்பினால் அரை மணி போச்சு. சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் உங்கள் 300 மீற்றரில் இல்லவே இல்லை. ஈரத்தில் இறங்குவதும் ஏறுவதைப் போலவே மெதுவாகத்தான் போகும்.

கொட்டாஞ்சேனை ராசா: முதலில் எந்தக் கிரிகல்பொத்த என்று சொல்லுங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. அங்கே போகிறவர்கள் சப்பாத்துக்குள் உப்புப் போடுங்கள், அட்டை கிட்ட வராது.

குறிஞ்சி: ஃபார் இன் என்றுதானே எழுதினேன், வாசிப்பதில்லையா? உப்பு முதல் ஓடையிலேயே கரைந்துவிடும். கடித்த அட்டைமேல் போட்டால் அது குடித்ததைக் காயத்திலேயே கக்கும். காலுறைமேல் சவர்க்காரம் தேயுங்கள்.

கொட்டாஞ்சேனை ராசா: எங்கள் ஆட்கள் உப்புத்தான் போடுகிறார்கள். எல்லாம் தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டார்.

தெஹிவளை நடையன்: அட்டையை விடுங்கள். 3 மணி 18 நிமிடம். நடக்கப் பழகாதவர்களுக்கு வேண்டுமானால் ஏழு.

குறிஞ்சி: சென்ற மாதம் "ஒன்றரை லீற்றர் தண்ணீர் போதும்" என்றதும் நீங்கள்தான். மூன்று லீற்றர் வேண்டும் என்று சொன்னதற்கு அப்போதும் இதே நக்கல். உங்கள் 'பதினொரு மணி'யைப் பார்ப்போம். ஏழு மணித்தியாலம் சேர்த்தால் மாலை ஆறு. நவம்பரில் ஆறுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், அந்தி இருபது நிமிடம்தான். ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் மதியத்துக்குப் பிறகு இடிமழை; மொட்டை உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. கொழும்பு கோட்டையில் காலை ரயில் பிடித்தால் சமவெளிக்குக் கிட்ட உள்ள பட்டிப்பொல நிலையத்தில் இறங்கவே மதியம் தாண்டும். முந்தின நாளே போய்த் தங்கி, ஆறரைக்கு நடையைத் தொடங்குங்கள். பதினொன்றரைக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள், உச்சி கண்முன் தெரிந்தாலும். தலையில் கட்டும் டோர்ச்சும் மாற்றுப் பற்றரியும் வேண்டும். போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், சிக்னல் தேடியே சார்ஜ் இறங்கிவிடும். சோற்றைப் பெட்டியில் கட்டுங்கள், பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்.

வெள்ளவத்தை மலர்: ஏழு மணித்தியாலமும் கூடத்தான் அண்ணா. காய்ந்த பெப்ரவரியில் ஐந்தரை போதும்.

குறிஞ்சி: தங்கச்சி, காய்ந்த நாளை நம்பி ஆட்களுக்கு நேரம் சொல்லக்கூடாது. ஏழுதான்.

தெஹிவளை நடையன்: ஐந்தரை என்று உங்கள் பக்கத்து ஆளே இறங்கி வந்துவிட்டார். என் வகுத்தலில் பிழை என்று இன்னும் ஒருவரும் காட்டவில்லை. 3 மணி 18 நிமிடம்.

கொட்டாஞ்சேனை ராசா: சவர்க்காரம் மழையில் கரையாதாக்கும்?