புதுப்பிப்பு: முதியோர் இல்லத்தில் கையுறை விவகாரம்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரே கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போகிறார்கள், வயிற்றுப்போக்கு பரவுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கையுறைப் பெட்டியும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும் இப்போது ஒவ்வொரு கட்டிலருகிலும் வந்துவிட்டன. முன்பு வாசலில் மட்டும்தான். அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? திட்டிச் சாதிக்காததை இந்த இடமாற்றம் சாதித்தது.

கழற்றுவதில்தான் இன்னும் தகராறு. அழுக்கான டயப்பரை மாற்றியதும் அதே கையுறையோடு போர்வையை இழுத்துவிடுகிறார்கள், கட்டில் கம்பியைப் பிடிக்கிறார்கள். ஒரு கையுறையை வெளிப்பக்கம் பிடித்து உரித்து, அதை மற்றக் கைக்குள் சுருட்டி, வெறும் விரலை இரண்டாவதின் உள்பக்கம் நுழைத்து உருட்டி எடுக்க வேண்டும். அப்புறம் மேலங்கி. முகக்கவசம் கடைசியில். பிறகு கை கழுவ வேண்டும். கையுறை போட்டிருந்தேனே என்ற சமாதானம் செல்லாது, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம்.

சானிடைசர் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வயிற்றுப்போக்கு இருக்கும்போது போதாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸும், கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் வித்துகளும் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி.

காது மந்தமானவர்கள் முகக்கவசத்தால் நம் உதடு தெரியாமல் திணறுகிறார்கள். இப்போதைக்கு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறோம். வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.